சின்ன எஸ்யூவியில் டர்ட் பைக்கை இழுத்துப் போகலாமா?

ஜனவரி 29, பாபநாசத்திலிருந்து வந்த கேள்வி

"அண்ணே, வீட்டில் மாருதி ஜிம்னி இருக்கிறது. என்னிடம் ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக், சித்தப்பா பையனிடம் 250 சிசி ரேஸ் பைக். அவனுடையதற்கு நம்பரே கிடையாது, சாலையில் ஓட்ட முடியாது. கோயம்புத்தூர் பக்கம் பயிற்சிக்குப் போக இரண்டையும் ஒரு டிரெய்லரில் ஏற்றி ஜிம்னியில் கட்டி இழுக்கலாம் என்று நினைக்கிறோம். ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இஞ்சின், இழுக்காது, பொலிரோ வாங்கு என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?"

ஜனவரி 29, இரவு

இழுக்கும் தம்பி. இஞ்சினைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஜிம்னியின் டார்க், அதாவது இஞ்சினின் முறுக்கு விசை, 134 நியூட்டன் மீட்டர். நம் ஊரில் ஏற்றம் என்று சொன்னால் ரயில்வே மேம்பாலம்தான். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் தாண்டி வல்லம் வரும் வரை தரை தட்டையாகவே கிடக்கிறது. இரண்டு பைக்கை உருட்டிக்கொண்டு போக அந்த இஞ்சின் தாராளம். ஏசியும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு எண்ணைப் பார். ஐரோப்பாவில் இதே ஜிம்னியின் மூன்று கதவு மாடலுக்கு, டிரெய்லரில் தனி பிரேக் இருந்தால் 1300 கிலோ வரை இழுக்கலாம் என்கிறார்கள். பிரேக் இல்லாவிட்டால் 350 கிலோ. இஞ்சினும் கிளட்சும் கியர்பாக்ஸும் ஒன்றுதான். பிறகு எதற்கு இவ்வளவு வித்தியாசம்? பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் எடையை நிறுத்துவதற்குத்தான். உன் நண்பர்கள் இழுவையைப் பற்றிப் பேசுகிறார்கள், நீ நிறுத்தத்தைப் பற்றி யோசி.

உன் கணக்கு: சித்தப்பா பையனுடைய ரேஸ் பைக், அதாவது மோட்டோகிராஸ் 250, ஏறத்தாழ 108 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு என்றால் 158 கிலோ பக்கம். பட்டறையில் அடிக்கும் இரும்பு டிரெய்லர் வெறுமனே 180 கிலோவுக்குக் குறையாது. பெட்ரோல் கேன், டூல் பெட்டி, ஏற்றும் பலகை, ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்தால் 475 வந்து நிற்கும். வண்டியே 1200 கிலோதான். பிரேக் இல்லாமல் இதை நான் இழுக்க மாட்டேன்.

ஜனவரி 30

எக்ஸ்பல்ஸுக்கு நம்பர் இருக்கிறதே, அதை ஓட்டிக்கொண்டே போகலாமே என்று மயிலாடுதுறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவரும் எக்ஸ்பல்ஸ்தான் வைத்திருக்கிறாராம். நல்ல யோசனை. அப்படிச் செய்தால் டிரெய்லரில் ஒரு பைக்தான், எடை 350-க்குள் அடங்கிவிடும், பிரேக் பிரச்சினையும் இல்லை.

ஆனாலும் தம்பி ஏன் ஏற்றிப் போக நினைக்கிறான் என்று எனக்குப் புரிகிறது. மண்ணுக்கான கட்டை டயரைப் போட்டுக்கொண்டு நாற்கரச் சாலையில் கோயம்புத்தூர் வரை போனால் நடுப்பட்டை தேய்ந்துவிடும், கையெல்லாம் நடுங்கும். பயிற்சியில் விழுந்து கிளட்ச் லிவரோ மணிக்கட்டோ போனால் திரும்பி வருவது யார்? உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும் அந்த ஞாயிறு மாலையில் பைக்கை ஏற்றிக் கட்டிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வது பெரிய நிம்மதி.

ஜனவரி 30, மாலை

பொலிரோ பற்றி. எடை கூடுதல், அதனால் டிரெய்லர் அதை ஆட்டுவது கடினம், அது உண்மை. அடியில் ஏணி மாதிரி சேசிஸ் (அடிச்சட்டம்) இருக்கிறது என்ற காரணத்துக்காக வாங்கச் சொன்னார்கள் என்றால், ஜிம்னிக்கும் அதே மாதிரி தனி சேசிஸ்தான். டிரெய்லரை மாட்டும் கொக்கியைச் சேசிஸின் இரண்டு நீளக் கட்டைகளிலும் போல்ட் போட்டு மாட்ட முடியும். பிரெஸ்ஸா, நெக்ஸான் மாதிரி உடம்பும் சேசிஸும் ஒன்றான வண்டிகளில்தான் இடம் பார்த்து, அகலமான பிளேட் கொடுத்து, எடையைப் பரப்ப வேண்டும். பம்பருக்குள் இருக்கும் குறுக்குப் பட்டையில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. பம்பரில் திருகி மாட்டும் வளையம் இருக்கிறதே, அது சேற்றில் மாட்டிய வண்டியை மெல்ல வெளியே எடுக்க. டிரெய்லருக்கு அதைத் தொடவே கூடாது.

பிப்ரவரி 1

இந்த இழையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று சும்மா கிடந்தது. மகனுடைய பைக்கையும் மருமகனுடைய பைக்கையும் ஏற்றிக்கொண்டு திருச்சிப் பக்கம் போக அதைக் கேட்டு வாங்கினோம். பைக் இரண்டும் முன் தகட்டை ஒட்டி நின்றன, கட்டு இறுக்கமாக இருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. செங்கிப்பட்டி தாண்டியதும் ஒரு பஸ் எங்களை முந்தியது. அந்தக் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது, உடனே மறுபக்கம் போனது, அடுத்து இன்னும் பெரிதாக. ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் மூச்சு விடவில்லை.

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், பிரேக்கைத் தொடவில்லை. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. அப்படிப்பட்ட நேரத்தில் பிரேக்கை மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்புவதும்தான் வண்டியைக் கவிழ்க்கும். இதை ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, டிரெய்லரைக் கழற்றி அதன் கொக்கியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரலில் வந்தது. அதாவது முன்னால் எடையே இல்லை. காரணம் எளிது. ஜெனரேட்டர் டிரெய்லரின் அச்சு நட்டநடுவில் இருக்கும், ஜெனரேட்டரும் நடுவில் உட்காரும். பைக்கின் எடையும் ஏறத்தாழ அதன் இரண்டு சக்கரத்துக்கு நடுவில்தான் விழுகிறது. எட்டடித் தட்டில் ஏழடிக்குச் சற்று மேலே நீளமுள்ள பைக்கை நிறுத்தினால் மொத்த எடையும் அச்சின் மேலேயே வந்துவிடும். நம் பட்டறைகளில் கிடைக்கும் டிரெய்லர் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும். உன் 475 கிலோவுக்கு 45-லிருந்து 50 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற நெல் மூட்டை 40 கிலோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள். அதற்கு மேல் போனாலும் தப்பு, ஜிம்னியின் பின்பக்கம் உட்கார்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். இந்த அளவு வண்டிகளுக்குக் கொக்கியில் 75 கிலோவை உச்சமாக வைத்துக்கொள்வது நல்லது.

எப்படி அளப்பது? லாரி எடை மேடையில் போய்ப் பார்க்காதே, அதில் பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு எந்த நெல் வியாபாரியிடமும் இருக்கும். தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கொக்கியை வை. கொக்கி வண்டியில் மாட்டும்போது இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும், டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். பைக், பெட்ரோல், டூல் எல்லாம் ஏற்றிய பிறகு அள.

அன்றைக்கு டீக்கடையில் தராசு ஏது? கேனையும் டூல் பெட்டியையும் தண்ணீரையும் முன் மூலைக்கு மாற்றினோம். கொக்கியைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, அதுவரை மாற்றிவிட்டுக் கிளம்பினோம். மீதி வழியெல்லாம் டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை.

பிப்ரவரி 2

சட்டம் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. அதனால் அதற்கும் பதிவு வேண்டும். டிரெய்லருக்குக் கிடைக்கும் நம்பர் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் நம்பர் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். இதுவும் அதே சட்டத்தில் 61-வது பிரிவு. பட்டறையில் அடித்து அப்படியே சாலையில் விடுவது நம் ஊரில் நடக்கிறது, எனக்குத் தெரியும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடிப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் போய் என்ன வரைபடம், என்ன சான்று வேண்டும் என்று கேட்டுவிட்டு வா. வண்டியின் பாலிசியிலும் டிரெய்லரைச் சேர்க்கச் சொல்.

பிப்ரவரி 4

மன்னார்குடியிலிருந்து, நாற்பது வருஷம் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர் பிரேக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் "பிரேக் வேண்டும்" என்று சொல்லிவிட்டு எப்படி என்று சொல்லாமல் விட்டேன் என்கிறார். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

இந்த எடைக்கு எளிய வழி, டிரெய்லரின் தள்ளுதலையே பிரேக்காக்குவது. கொக்கிக்குப் பின்னால் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஸ்பிரிங்கோடு இருக்கும். முன் வண்டி பிரேக் போட்டதும் டிரெய்லர் முன்னால் தள்ளும், உள் குழாய் நகரும், அது ஒரு கேபிளை இழுத்து டிரெய்லரின் டிரம் பிரேக்கைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டாம், முன் வண்டியில் எந்த மாற்றமும் வேண்டாம். பழைய ஆம்னியின் பின் டிரம்மும் 12 அங்குலச் சக்கரமும் உடைப்புக் கடையில் கிடைக்கும். அந்த டிரம்மிலேயே ஹேண்ட் பிரேக் கேபிள் இருக்கிறது, அதையே இதற்குப் பயன்படுத்தலாம் என்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே தள்ளுதல் வரும், பிரேக் பிடித்துக்கொள்ளும். அதற்கு உள் குழாய் நகராமல் தடுக்கும் ஒரு பின் (செருகு கம்பி) வேண்டும். இறங்கிப் பின்னைப் போடு, ரிவர்ஸ் எடு, மறுபடி இறங்கிப் பின்னை எடு. எடுக்க மறந்தால் டிரெய்லருக்கு பிரேக்கே இல்லை. பின்னில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி வை என்பது பெரியவரின் யோசனை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிப்ரவரி 4, பின்குறிப்பு

டிராக்டருக்குப் போடுவது போல வளையமும் பின்னும் வைத்துக் கொக்கி அடித்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். டிராக்டர் வேகத்துக்கு அது சரி. அதில் இருக்கிற இடைவெளி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு கியருக்கும் 'டக் டக்' என்று இடிக்கும், போல்ட்டைத் தளர்த்தும். 50 மில்லிமீட்டர் உருண்டையும் அதற்கேற்ற மூடியும் போடு. கூடவே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். உருண்டை கழன்றாலும் முன் பக்கம் சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பிப்ரவரி 6

பைக்கைக் கட்டுவது. இதில் பார்த்த அலட்சியத்துக்கு அளவில்லை. மாட்டுக் கயிற்றையும் நைலான் கயிற்றையும் போட்டு நாலு முடிச்சு. தார்ச்சாலைச் சூட்டில் நைலான் நெகிழும், பள்ளத்தில் பைக் ஒரு முறை அமுங்கி எழுந்தால் கயிறு தொளதொளவென்று தொங்கும்.

கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் ரேட்சட் பெல்ட் வாங்கு. பைக்குக்கு நாலு. ஹேண்டில்பாரில் நேரடியாகக் கொக்கியை மாட்டாமல், மெத்தென்ற பட்டை வளையம் ஒன்றைப் போட்டு அதில் மாட்டு, இல்லாவிட்டால் கேபிள் நசுங்கும். முன் பெல்ட் இரண்டும் முன்னாலும் பக்கவாட்டிலும் சாய்வாக இறங்க வேண்டும். சைடு ஸ்டாண்டை மடக்கிவிடு, அதன் மேல் எடை வைத்துக் கட்டினால் ஸ்டாண்டோ பிரேமோ வளையும். பெட்ரோல் டேப் இருந்தால் மூடு.

முன் ஃபோர்க்கை எவ்வளவு அமுக்குவது என்பதில் எல்லாரும் தடுமாறுகிறார்கள். முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் பாழாகும், பாதி அமுக்கினால் பள்ளத்தில் பெல்ட் தளரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு கட்டையை நிறுத்தினால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். நான் வைத்திருப்பது பூவரசங்கட்டை. எங்கள் வீட்டுக் கொல்லையில் விழுந்த மரம். கீழ்ப்பக்கம் டயருக்கு ஏற்ற மாதிரி பிறை போலக் குடைந்து, இரண்டு முனையிலும் பழைய டியூபை ஒட்டி, நடுவில் துளை போட்டுக் கயிறு கோத்து ஃபோர்க்கில் கட்டியிருக்கிறேன், வழியில் துள்ளி விழாமல் இருக்க. வருஷங்களாக அதேதான். பூவரசு பிளக்காது, தண்ணீர் பட்டாலும் கெடாது.

பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை நிறுத்தி பெல்ட்டைத் தொட்டுப் பார். அப்போதே சக்கரத்தின் ஹப்பையும் புறங்கையால் தொடு. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அல்லது பிரேக் பிடிக்கிறது.

பிப்ரவரி 8

"டிரெய்லரே வேண்டாம், ஜிம்னிக்குப் பின்னால் கொக்கியில் செருகும் கேரியரில் ஒரு பைக்கைக் குறுக்காக நிறுத்தலாமே, வெளிநாட்டில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று கும்பகோணத்திலிருந்து ஒருவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைக் 108, கேரியர் 22, மொத்தம் 130 கிலோ. அது பின் அச்சுக்குச் சுமார் 1.1 மீட்டர் பின்னால் தொங்குகிறது. ஐந்து கதவு ஜிம்னியின் அச்சு இடைவெளி 2.59 மீட்டர். முன் அச்சிலிருந்து 55 கிலோ குறைந்துவிடும், பின் அச்சில் 185 கிலோ ஏறிவிடும். இரண்டு பேர் முன்னால், பின் சீட்டில் பை, ஹெல்மெட், பூட்ஸ் என்று சேர்த்தால் வண்டி நாய் உட்கார்ந்த மாதிரி உட்காரும். இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். கொக்கிக்கு நான் சொன்ன 75 கிலோவை எப்போதோ தாண்டியாயிற்று. பின் விளக்கும் நம்பரும் மறையும், கதவும் திறக்காது.

வெளிநாட்டில் போகிறவர்கள் பெரிய பிக்கப்பில் போகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான 110 சிசி பைக் என்றால் இங்கேயும் யோசிக்கலாம். 250-க்கு வேண்டாம்.

முன் சக்கரத்தை மட்டும் தூக்கி மாட்டி, பின் சக்கரம் சாலையில் உருள இழுப்பது பற்றியும் அவர் கேட்டிருந்தார். செயினைக் கழற்ற வேண்டும், டயர் தேயும், ரேஸ் பைக் சாலையில் உருளுகிறது என்ற சட்டச் சிக்கல் வேறு. விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 9

விளக்கு: வண்டியின் பின் விளக்கு ஒயரை உரித்து டிரெய்லருக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் குழம்பும், இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும், சில சமயம் பியூஸ் போகும். பேட்டரியிலிருந்து தனி ஒயர் எடுத்து, நடுவில் ரிலே பெட்டி வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாபேட்டை பக்கம் ஒரு இரவு டிரெய்லரின் பின் விளக்கு முழுவதும் அணைந்துபோய், பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்திச் சொன்னார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. அன்றிலிருந்து பின் பலகை முழுக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும் ஒட்டியிருக்கிறேன். கரண்டு வேண்டாம், எப்போதும் வேலை செய்யும்.

பிப்ரவரி 12

நாற்கரச் சாலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உன் வீட்டு வாசலிலிருந்து அந்தச் சாலை வரைக்கும் இருக்கும் வழிதான் கஷ்டமே.

இப்போது சம்பா அறுவடை. கிராமத்துச் சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது, ஓரத்தில் கல்லும் செங்கல்லும் வைத்திருக்கிறார்கள். வண்டி ஒதுங்கித் தப்பிவிடும், டிரெய்லர் சக்கரம் ஒதுங்காது. வளைவில் அது எப்போதும் வண்டியைவிட உள்பக்கமாக வரும். அந்தக் கல்லின் மேல் ஏறினால் டயர் கிழியும். நெல்லின் மேல் ஏறினால் ஒரு குடும்பத்தின் உழைப்பு நசுங்கும். அதனால் டிரெய்லர் வண்டியைவிட அகலமாக இருக்கக் கூடாது. கண்ணாடியில் இரண்டு பக்கச் சக்கரமும் ஓரளவு தெரிய வேண்டும்.

வைக்கோல் இன்னொன்று. அறுவடை மிஷின் போன சாலையில் சுருள் சுருளாகக் கிடக்கும். அது வண்டிக்கு அடியில் சுற்றி சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் கேனோடு போகிறாய், ஞாபகம் இருக்கட்டும். வைக்கோல் மேல் ஓட்டும்படி ஆனால் தாண்டியதும் நிறுத்திக் குனிந்து பார்.

ஆற்றுக் கரைச் சாலைகளில் ரிவர்ஸ் என்பது வேறு உலகம். வெண்ணாற்றங்கரை, புது ஆற்றங்கரை இரண்டிலும் பல இடத்தில் தடுப்பே கிடையாது. எதிரே வைக்கோல் உருளை ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டால் யார் பின்வாங்குவது? நீதான் வாங்க வேண்டியிருக்கும். குட்டையான டிரெய்லர் ரிவர்ஸில் சட்டென்று மடங்கும், நீளமானது மெதுவாகத் திரும்பும், திருத்த நேரம் கொடுக்கும். அதனால் கொக்கிக்கும் அச்சுக்கும் இடையே நீளம் கொஞ்சம் தாராளமாக வைக்கச் சொல். ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்து. களத்துமேட்டில் வெறும் டிரெய்லரோடு பழகு. கரையில் பழகாதே. கரையில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய நிலை வந்தால் ஒருவர் இறங்கி நின்று சொல்ல வேண்டும், அதில் வெட்கமில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், வரிசையில் மாட்டினால் திரும்பிப் போக வழியே கிடையாது. டிரெய்லரோடு என்றால் கேட்கவே வேண்டாம். வேறு வழி இருந்தால் சுற்றிப் போ.

பிப்ரவரி 14

நான்கு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள்: எதற்குக் கோயம்புத்தூர் வரை இழுக்க வேண்டும், மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடிவிட்டால் கொள்ளிடத்தில் மணல், அறுத்த வயலெல்லாம் காலி, அங்கேயே ஓட்டலாமே என்று.

வயல் காலியில்லை. தயவு செய்து இதைக் கேளுங்கள். சம்பா, தாளடி அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு தாளுக்கு நடுவே குனிந்து பார்த்தால்தான் அந்த இரண்டு இலை தெரியும். சாலையில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் தரிசு. அதில் கட்டை டயர் பைக் ஒரு சுற்று சுற்றினால் முளைத்ததெல்லாம் போயிற்று. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்தை மட்டும் நம்பி வளர்கிற பயிர் அது, மறுபடி தெளித்தால் வராது. எங்கள் பக்கத்து ஊரில் பையன்கள் இப்படி ஓட்டி, ஒரு அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். என் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வயலைக் காட்டினேன்.

ஆற்றுப் படுகையும் அப்படித்தான். வாழையும் காய்கறியும் போட்டிருக்கிறார்கள், மாடு மேய்கிறது. மணலில் மூடிக் கிடக்கும் பழைய குழிகள் வேறு.

வல்லம், செங்கிப்பட்டி பக்கம் செம்மண் மேட்டு நிலம் இருக்கிறது. தெரிந்தவர் நிலம், உடையவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டலாம். பயிற்சிக்கு அந்த மண்தான் நல்லது. நம் வண்டல் களி ஈரமானால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தையே பிடித்துவிடும். டர்ட் பைக்கின் முன் மட்கார்டு அவ்வளவு உயரத்தில் இருப்பதே அதற்காகத்தான், நம் களிக்கு அந்த உயரமும் போதவில்லை.

பிப்ரவரி 16

"இவ்வளவு தொல்லை எதற்கு, குட்டி யானையை வாடகைக்கு எடுத்தால் முடிந்தது" என்று பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு நண்பர். அதற்குக் கீழேயே இன்னொருவர் "ஜிம்னியையும் சேர்த்து குட்டி யானையில் ஏற்றிவிடலாம்" என்று எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

குட்டி யானை யோசனையை நான் தள்ளவில்லை. யோசிக்க யோசிக்க அது பலருக்குச் சரியான பதில் என்றே தோன்றுகிறது. 266 கிலோ பைக் அதற்கு ஒரு எடையே இல்லை. பதிவு, கொக்கி, ஆட்டம், ரிவர்ஸ் என்று எந்தக் கவலையும் கிடையாது. தட்டின் நீளம் ஏழடி பக்கம் என்பதால் பைக்கை மூலைவாக்கில் சாய்த்து நிறுத்த வேண்டும், அல்லது பின் கதவைத் திறந்து சங்கிலியில் தொங்கவிட வேண்டும். இரண்டு பைக் என்றால் ஒன்று முன்னோக்கி, ஒன்று பின்னோக்கி நிறுத்தினால் ஹேண்டில்பார் இடிக்காது. வருஷத்தில் ஓரிரு முறை போகிறவர்கள் டிரெய்லர் அடிக்கவே வேண்டாம், வாடகை வண்டியே போதும்.

மாதம் தவறாமல் போகிறவர்களுக்கு, சனிக்கிழமை போய் ஞாயிறு இரவு திரும்புகிறவர்களுக்கு, காத்திருக்கும் வாடகையும் டிரைவர் படியும் சேர்ந்து கையைக் கடிக்கும். தம்பி அந்த இரண்டாவது ரகம் என்று முதல் கேள்வியிலேயே புரிந்தது.

பிப்ரவரி 17

மயிலாடுதுறைச் சகோதரி கேட்டது: வேகம் எவ்வளவு? நான் அறுபதைத் தாண்டுவதில்லை. முன் வண்டிக்கு விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குகிறேன். மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்துக்கொள்கிறேன். டிரெய்லர் டயரில் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 21

தம்பி பட்டறையில் பேசிவிட்டானாம். ஆர்டிஓ அலுவலகத்திலும் கேட்டுவிட்டான். பிரேக்கோடு அடிக்கச் சம்மதித்திருக்கிறார்கள், நீளமும் நான் சொன்ன மாதிரியே. சந்தோஷம். ஒன்றை மட்டும் மிஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்.

அச்சை முதல் நாளே வெல்டு அடிக்கக் கூடாது. யு-போல்ட்டில் பிடித்து வைக்கட்டும், முன்னும் பின்னும் அரை அடி நகர இடம் விட்டு. நீயும் சித்தப்பா பையனும் இரண்டு பைக்கையும் பட்டறைக்கே கொண்டு போங்கள். அவனுடையதைக் குட்டி யானையில் ஏற்றிப் போகட்டும், தள்ளிக்கொண்டு போக வேண்டாம். பெட்ரோல், டூல் பெட்டி, ஸ்டெப்னி எல்லாம் எங்கே இருக்கப் போகிறதோ அங்கேயே வைத்து, பெல்ட் போட்டுக் கட்டிவிட்டுத் தராசில் கொக்கியை வை. குறைவாகக் காட்டினால் அச்சைப் பின்னால் தள்ளு. பத்து சென்டிமீட்டர் தள்ளினால் கொக்கியில் ஏறத்தாழ 20 கிலோ கூடும். 45-க்கும் 50-க்கும் நடுவில் வந்ததும் போல்ட்டை முறுக்கிவிட்டு, எக்ஸ்பல்ஸை இறக்கி ஒரு பைக்கோடும் அளந்து பார். ஒரு பைக்கை எந்தப் பக்கம், எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும் என்று தட்டிலேயே பெயிண்டில் கோடு போட்டுக்கொள். அந்தக் கோட்டுக்கு நேரே தட்டில் முன் சக்கரம் பிடிக்கும் இரும்பு வாயையும் அப்போதே வைக்கச் சொல்.